தசைச் சீவலில் நொதியின் வேகத்தை நிறத்தால் அளப்பது: சக்சினேட் டிஹைட்ரஜனேஸுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உறைந்த தசையிலிருந்து வெட்டிய மெல்லிய சீவலைச் சாயக் கரைசலில் அரைமணி நேரம் வைத்தால் நீல ஊதா நிறம் தோன்றிவிடும். அந்த நிறத்தின் அடர்த்தியை எண்ணாக மாற்றி, இந்த இழையில் நொதி இவ்வளவு வேகத்தில் இயங்குகிறது என்று பொறுப்புடன் சொல்வதுதான் கடினம். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே நேரப்புள்ளியில் ஒரு ஸ்லைடைப் படமெடுத்து, அதன் கருமையை அளந்து, அதையே நொதியின் செயல்பாடு என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு நிறம் என்பது ஒரு கூட்டுத்தொகை மட்டுமே. அதற்குள் நொதியின் வினையும், நொதியல்லாத வினைகளும், திசுவின் சொந்த ஒளி உறிஞ்சலும், சீவலின் தடிமனும் கலந்திருக்கின்றன. இவற்றைப் பிரித்தெடுக்கும் வரிசையே இந்த வழிகாட்டி.

வினை இப்படி நடக்கிறது. மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்வில் பதிந்துள்ள சக்சினேட் டிஹைட்ரஜனேஸ், சக்சினேட்டை ஃபியூமரேட்டாக மாற்றும்போது 2 எலக்ட்ரான்களை விடுவிக்கிறது. மீதாக்சி பிஎம்எஸ் (மீதாக்சி ஃபீனசின் மெத்தோசல்ஃபேட்) என்னும் கடத்தி அவற்றை ஏந்திச் சென்று நைட்ரோ புளூ டெட்ராசோலியம் என்னும் வெளிர்மஞ்சள் சாயத்திடம் ஒப்படைக்கிறது. ஆய்வகங்களில் இச்சாயத்தைச் சுருக்கமாக என்பிடி என்பார்கள். எலக்ட்ரானைப் பெற்ற என்பிடி, நீரில் கரையாத நீல ஊதா ஃபார்மசானாகி அந்த இடத்திலேயே படிகிறது. சாயம் வேறிடம் ஓடாமல் அங்கேயே படிவதால்தான், எந்த இழையில் எவ்வளவு என்று கேட்கவே முடிகிறது.

1. திசுவையும் நொதியையும் பொருத்திப் பார்த்தல்

இந்த முறை உறையவைத்த, பதனிடாத திசுவுக்கு மட்டுமே உரியது. ஃபார்மலினில் ஊறி மெழுகில் பதித்த திசுவில் இந்த நொதி செயலிழந்துவிடும். அங்கே எந்தக் கரைசலை ஊற்றினாலும் அளப்பதற்கு ஒன்றும் இராது. பழைய மெழுகுக் கட்டிகளைக் கொண்டுவந்து இதைச் செய்ய முடியுமா என்று ஆண்டுதோறும் யாராவது கேட்கிறார்கள். முடியாது.

சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் சவ்வோடு இறுகப் பிணைந்திருப்பதால், பதனிடாத சீவலை நீர்க்கரைசலில் வைத்தாலும் அது இடம்பெயராது. லாக்டேட் டிஹைட்ரஜனேஸ், குளுக்கோஸ் 6 பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் போன்ற கரையும் நொதிகள் அப்படியல்ல. அவை சில நொடிகளிலேயே சீவலை விட்டுக் கரைசலுக்குள் இறங்கிவிடும். அவற்றுக்குப் பாலிவினைல் ஆல்கஹால் கலந்து கெட்டியாக்கிய கரைசல் வேண்டும். இந்த வழிகாட்டியின் கரைசலை எடுத்து அவற்றுக்குப் பயன்படுத்தக் கூடாது.

கற்றுக்கொள்வதற்கு எலியின் முன்கணைக்கால் தசையைப் (tibialis anterior) பரிந்துரைக்கிறேன். அதன் ஆழ்பகுதியில் ஆக்சிஜனை மிகுதியாகப் பயன்படுத்தும் சிறிய இழைகளும், மேற்பரப்பை ஒட்டி வெளிறிய பெரிய இழைகளும் இருக்கும். ஒரே சீவலில் அடர்ந்ததும் வெளிறியதும் அருகருகே கிடைப்பதால், முறை சரியாக இயங்குகிறதா என்பதைத் திசுவே காட்டிவிடும். சீவல் முழுவதும் ஒரே நிறமாக இருந்தால் ஏதோ தவறு நடந்திருக்கிறது. ஆனால் எலித் தசையில் அடர்நிற இழைகள் அனைத்தும் மெதுவாகச் சுருங்கும் வகை என்று கருதிவிடக் கூடாது. வேகமாகச் சுருங்கும் 2ஏ வகை இழைகள், மெதுவாகச் சுருங்கும் 1 வகையைவிட அடர்ந்து தெரிவது எலியில் வழக்கம். இழைவகையை அறிய அடுத்த சீவலில், தசைப் புரதமாகிய மயோசினின் வகையைக் காட்டும் எதிர்ப்பொருள் கொண்டு தனியே பார்க்க வேண்டும்.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

விலங்குத் திசுவானால் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், மனிதத் திசுவானால் மனித ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் முதலில் வேண்டும். பிறகு கிரையோஸ்டாட் (உறைந்த திசுவைக் குளிரிலேயே சீவும் கருவி), திரவ நைட்ரஜன், ஐசோபென்டேன், 37 டிகிரியில் நிலைத்து நிற்கும் நீர்த்தொட்டி, துல்லியமான பிஎச் மீட்டர், நிறுத்துக் கடிகாரம், கருப்பு வெள்ளைக் கேமரா பொருத்திய நுண்ணோக்கி, 570 நானோமீட்டரை மையமாகக் கொண்ட குறுகிய பட்டை வடிகட்டி ஆகியவை தேவை. வடிகட்டி கைக்கு வருமுன் ஸ்லைடுகளைத் தயாரிக்கத் தொடங்காதீர்கள். வெள்ளை ஒளியில் எடுத்த படத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் திருத்த முடியாது.

மூன்று ஆபத்துகளைச் சொல்லியாக வேண்டும். திரவ நைட்ரஜன் ஆவியாகி அறையின் ஆக்சிஜனை இடம்பெயர்த்துவிடும் என்பதால், காற்றோட்டமில்லாத சிறிய அறையில் அதைக் கையாளக் கூடாது. ஐசோபென்டேன் ஏறத்தாழ 28 டிகிரியிலேயே கொதித்து எளிதில் தீப்பற்றும். கோடைப் பிற்பகலில் மூடி திறந்து கிடக்கும் குடுவை பெரும் கேடு. சோடியம் அசைடு கொடிய நஞ்சு. அதோடு அமிலம் சேர்ந்தால் நச்சு வாயு வெளிப்படும். செம்பு அல்லது ஈயக் குழாயுள்ள தொட்டியில் ஊற்றினால் காலப்போக்கில் வெடிக்கும் உப்புகள் உருவாகலாம். அசைடு கலந்த கரைசலையும், ஸ்லைடைக் கழுவிய முதல் நீரையும் தனிக் குடுவையில் சேர்த்து, வேதிக் கழிவாக ஒப்படைக்க வேண்டும்.

3. உறையவைத்தல்

பின்னால் வரும் பிழைகளில் பெரும்பகுதி இங்கே விதைக்கப்படுகிறது. தசையை எடுத்தவுடன் உப்பு நீரில் ஊறப்போடாதீர்கள். ஊறிய நீர் உறையும்போது பனிப் படிகங்களாகி, இழைகளுக்குள் வட்ட வட்டமாகத் துளைகளை உண்டாக்கும். நிறம் துளைகளின் ஓரத்தில் ஒதுங்கி நிற்பதால் அந்த இழையின் அளவீடு பொய்யாகிவிடும். உப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, குளிர்ந்த பெட்டியில் வைத்து எடுத்துவந்து, உறையவைக்குமுன் வடிதாளால் மேற்பரப்பை மெல்ல ஒற்றியெடுங்கள்.

தசையைச் சிறு கார்க் துண்டின்மீது, இழைகள் கார்க்குக்குச் செங்குத்தாக நிற்கும்படி, அடியில் மட்டும் சிறிதளவு உறைபசை வைத்து நிறுத்துங்கள். தசை முழுவதையும் உறைபசையால் மூடினால் குளிர் உள்ளே செல்லத் தாமதமாகிப் படிகங்கள் பெருகும். இழைகள் சாய்ந்து நின்றால் குறுக்குவெட்டு நீள்வட்டமாகி, இழையின் பரப்பளவு கூடுதலாகத் தெரியும்.

திரவ நைட்ரஜனில் நேரடியாகத் தசையைப் போடக் கூடாது. வெதுவெதுப்பான தசை பட்டதும் நைட்ரஜன் கொதித்து, தசையைச் சுற்றி வாயுப் படலம் உருவாகிறது. அந்தப் படலம் போர்வைபோல வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. அதனால்தான் இடையில் ஐசோபென்டேன். உலோகக் குவளையில் அதை ஊற்றி நைட்ரஜனுக்குள் இறக்கிக் கலக்கிக்கொண்டே இருங்கள். குவளையின் அடியில் வெண்ணிறக் கட்டிகள் உறையத் தொடங்கும்போது அது ஏறத்தாழ சுழியத்துக்குக் கீழே 160 டிகிரியை எட்டியிருக்கும். அந்தத் தருணத்தில் தசையை முழுக்கிச் சில நொடிகள் அசைத்து எடுங்கள். கட்டிகள் தோன்றுமுன் அவசரப்பட்டு முழுக்குவதுதான் நான் மிகுதியாகக் கண்ட தவறு.

உறைந்த தசையைக் காற்றுப் புகாமல் சுற்றி, சுழியத்துக்குக் கீழே 80 டிகிரியில் சேமியுங்கள். ஒருமுறை உருகி மீண்டும் உறைந்த கட்டியை அளவீட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மைட்டோகாண்டிரியா சிதைந்திருக்கும்.

4. சீவல் வெட்டுதல்

கட்டியைக் கிரையோஸ்டாட்டுக்குள் வைத்து, அறையின் வெப்பநிலைக்கு, அதாவது சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 20 டிகிரிக்கு, வருமட்டும் அரைமணி நேரமாவது காத்திருங்கள். அதற்குமுன் வெட்டினால் சீவல் நொறுங்கும். கட்டி மெல்லச் சூடேறி விரிந்துகொண்டே இருப்பதால் தடிமனும் சீவலுக்குச் சீவல் மாறும்.

தடிமன் இங்கே வெறும் வசதிக்கான எண் அன்று. கணக்கில் வகுத்தியாக வருவது. 10 மைக்ரோமீட்டர் என்று கருவியில் திருகி வைத்தாலும், கைப்பிடியை ஒருமுறை வேகமாகவும் மறுமுறை மெதுவாகவும் சுழற்றினால் உண்மைத் தடிமன் வேறுபடும். ஒரே சீரான வேகத்தில் சுழற்றுங்கள். இடையில் நிறுத்தி மீண்டும் தொடங்கினால் முதல் இரண்டு மூன்று சீவல்களை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தடுத்த சீவல்களை எந்த ஸ்லைடுக்கு அனுப்புவது என்பதை முன்கூட்டியே சீட்டுப்போட்டு முடிவு செய்யுங்கள். முதல் நான்கைச் சோதனைக்கும் அடுத்த நான்கைக் கட்டுப்பாட்டுக்கும் ஒதுக்குவது இயல்பாகத் தோன்றும். ஆனால் வெட்ட வெட்டக் கத்தியும் அறையும் மாறுவதால், தடிமனின் சிறு நகர்வு சோதனைக்கும் கட்டுப்பாட்டுக்கும் இடையிலான வேறுபாடாகப் பதிவாகிவிடும். ஒவ்வொரு ஸ்லைடிலும் ஒரே கட்டியின் இரண்டு சீவல்களும், அவற்றுடன் ஒப்பீட்டுக் கட்டி ஒன்றின் சீவலும் இருக்கட்டும். ஒப்பீட்டுக் கட்டி என்பது ஆய்வின் தொடக்கத்திலேயே ஒரே தசையிலிருந்து பல துண்டுகளாக உறையவைத்து, ஆய்வு முடியும்வரை பயன்படுத்துவது. அதன் பயனைப் பத்தாம் பகுதியில் சொல்கிறேன்.

வெட்டிய சீவல்களை எல்லா ஸ்லைடுகளுக்கும் ஒரே அளவு நேரம் அறைவெப்பத்தில் உலரவிட்டு, இயன்றவரை அன்றே பயன்படுத்துங்கள்.

5. வினைக் கரைசலைச் சேர்த்தல்

10 மில்லிலிட்டருக்கு அளவுகள் இவை. 0.1 மோலார் சோடியம் பாஸ்பேட் பஃபர் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்), பிஎச் 7.6. அதில் ஆறு நீர்மூலக்கூறு கொண்ட சோடியம் சக்சினேட் 216 மில்லிகிராம், இது 80 மில்லிமோலார். உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் இருசோடியம் இடிடிஏ 18.6 மில்லிகிராம், 5 மில்லிமோலார். என்பிடி 12.3 மில்லிகிராம், 1.5 மில்லிமோலார். 100 மில்லிமோலார் இருப்புக் கரைசலிலிருந்து சோடியம் அசைடு 75 மைக்ரோலிட்டர், 0.75 மில்லிமோலார். மீதாக்சி பிஎம்எஸ் 3.4 மில்லிகிராம், 1 மில்லிமோலார்.

சேர்க்கும் வரிசை முக்கியம். முதலில் சக்சினேட்டையும் இடிடிஏவையும் பஃபரில் கரைத்து, பிஎச் அளவை மீண்டும் 7.6க்குக் கொண்டுவாருங்கள்; இடிடிஏ அதைக் கீழே இழுத்திருக்கும். அசைடைச் சேர்க்குமுன்பே இதை முடிப்பதற்குக் காரணம் உண்டு: அசைடு இருக்கும் கரைசலில் அமிலம் விட நேரக்கூடாது. பிறகு என்பிடியைச் சேருங்கள். அது மெதுவாகக் கரையும். 37 டிகிரியில் கலக்கிக்கொண்டே பொறுமையாக இருங்கள். கரையாத துகள் மிஞ்சினால் வடிகட்டிவிடுங்கள், ஏனெனில் சீவலின்மேல் விழும் ஒவ்வொரு துகளும் பிறகு படத்தில் கரும்புள்ளியாக வரும். அதன்பின் அசைடு. மீதாக்சி பிஎம்எஸ் கடைசியில், ஸ்லைடுகளை இறக்குவதற்குச் சற்றுமுன்.

அசைடு எதற்கு என்று பலர் கேட்பதில்லை, சிலர் நச்சு என்பதால் விட்டும்விடுகிறார்கள். மைட்டோகாண்டிரியாவில் எலக்ட்ரான்கள் போக இன்னொரு வழி உண்டு. சுவாசச் சங்கிலி வழியே சைட்டோகுரோம் ஆக்சிடேஸை அடைந்து ஆக்சிஜனிடம் சேர்ந்துவிடலாம். அப்படிச் சென்றவை நிறமாக மாறா. அசைடு அந்தக் கதவை அடைக்கிறது.

மீதாக்சி பிஎம்எஸ் இல்லாவிட்டாலும் நிறம் வரும், ஆனால் நொதியிடமிருந்து சாயத்துக்கு எலக்ட்ரான் செல்லும் வேகமே எல்லையாகிவிடும். அப்போது நீங்கள் அளப்பது நொதியின் வேகத்தை அன்று, கடத்தலின் வேகத்தை. வெறும் பிஎம்எஸ் ஒளிபட்டால் விரைவில் கெடும் என்பதால் மீதாக்சி வடிவத்தையே விரும்புகிறேன். எதுவானாலும் குடுவையை அலுமினியத் தாளால் சுற்றிவையுங்கள். இறக்குமுன்பே நீலம் பாய்ந்த கரைசலைத் தயங்காமல் கழிவில் சேர்த்துவிடுங்கள். பயன்படுத்திய கரைசலை மறுநாளுக்கு வைத்திருப்பதும் கூடாது.

6. கட்டுப்பாட்டுச் சீவல்கள்

இந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டுச் செய்த அளவீட்டை நான் ஏற்பதில்லை.

முதல் கட்டுப்பாடு, சக்சினேட் மட்டும் இல்லாத அதே கரைசல். அதிலும் சற்று நிறம் வரும். திசுவிலேயே தங்கியுள்ள வினைபடுபொருள்களும், புரதங்களின் கந்தகம் கொண்ட தயோல் தொகுதிகளும் என்பிடியை ஒடுக்குவதால், அதாவது அதற்கு எலக்ட்ரான் தருவதால், வருவது அது. இந்த அடிநிறத்தைச் சோதனை நிறத்திலிருந்து கழித்தால்தான் நொதியின் பங்கு எஞ்சும். சோதனையைப் போலவே ஒவ்வொரு நேரப்புள்ளிக்கும் ஒரு கட்டுப்பாட்டுச் சீவல் வேண்டும். ஏனெனில் அடிநிறமும் நேரத்தோடு வளர்கிறது.

இரண்டாவது, சக்சினேட்டும் மாலோனேட்டும் சேர்ந்த கரைசல். மாலோனேட் சக்சினேட்டின் இடத்தில் சென்று அமரும் போட்டித் தடுப்பான். 10 மில்லிலிட்டரில் இருசோடியம் மாலோனேட் 74 மில்லிகிராம் சேர்த்தால் 50 மில்லிமோலார் ஆகும். சீவலைச் சக்சினேட் இல்லாத மாலோனேட் பஃபரில் சில நிமிடங்கள் ஊறவைத்துப் பிறகு இதில் இறக்குங்கள். நிறம் வெகுவாகக் குறைய வேண்டும். முழுவதும் அற்றுப்போகவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். போட்டித் தடுப்பில் வினைபடுபொருளாகிய சக்சினேட் மிகுதியாக இருக்கும்போது சிறிதளவு வினை எஞ்சுவது இயல்பு. ஆனால் மாலோனேட் இருந்தும் இல்லாததுபோலவே நிறம் வந்தால், நீங்கள் காண்பது இந்த நொதியின் நிறம் அன்று. மாலோனேட் சோதனையை ஒவ்வொரு நாளும் செய்யத் தேவையில்லை. புதிய திசுவையோ புதிய என்பிடி புட்டியையோ தொடங்கும்போது செய்தால் போதும்.

7. வினை நேரம்

முதல் நாளில் மாதிரிகளை அளக்காதீர்கள். முதல் நாள் நேரத்தைக் கண்டறிவதற்கு உரியது. ஒரே கட்டியின் சீவல்களை 2, 4, 6, 8, 10, 15, 20 நிமிடங்கள் வினைக்கு உட்படுத்தி, ஒவ்வொன்றின் உறிஞ்சளவையும் (ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதன் அளவு; கணக்கிடும் முறை ஒன்பதாம் பகுதியில்) நேரத்துக்கு எதிராகக் குறித்து வரையுங்கள். தொடக்கத்தில் நேர்கோடாக ஏறும் வரைபடம் ஒரு கட்டத்தில் வளைந்து தட்டையாகும். படிந்த ஃபார்மசான் நொதியைச் சூழ்ந்துகொள்வதும், கரைசல் கெடுவதும் இதற்குக் காரணங்கள். நேர்கோடாக இருக்கும் பகுதிக்குள் மட்டுமே அளவீடு செல்லும். மிக அடர்ந்த இழைகள் முதலில் வளையும் என்பதால், எல்லை குறிப்பதற்கு அவற்றையே பாருங்கள்; சராசரி இழையைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

நோயறிதலுக்காக அரைமணி முதல் முக்கால் மணி வரை வைக்கும் வழக்கத்தைப் பார்த்து, அதே நேரத்தை இங்கேயும் கடைப்பிடிப்பவர்கள் உண்டு. நோயறிதலுக்கு நிறம் தெளிவாகத் தெரிந்தால் போதும். அளவீட்டுக்கு அந்த நேரம் பெரும்பாலும் நேர்கோட்டைக் கடந்துவிட்டிருக்கும்.

இதேபோலத் தடிமனையும் ஒருமுறை சோதியுங்கள். 6, 8, 10, 12 மைக்ரோமீட்டர் சீவல்களில் நிறம் தடிமனுக்கு ஏற்ப ஒரே விகிதத்தில் உயர வேண்டும். தடித்த சீவலில் பின்தங்கினால் கரைசல் உள்ளே முழுமையாக ஊடுருவவில்லை என்று பொருள். அதைவிட மெல்லிய சீவலுக்கு வாருங்கள்.

செய்முறையில் கவனிக்க வேண்டியது வெப்பநிலை. கரைசலும் குடுவையும் முன்பே 37 டிகிரிக்கு வந்திருக்க வேண்டும். குளிர்ந்த கரைசலில் இறக்கிப் பிறகு சூடாக்கினால், முதல் இரண்டு நிமிடங்களின் வினை எந்த வெப்பநிலைக்கும் உரியதாக இராது. சீவலின்மேல் சொட்டுவைப்பதைவிட, ஸ்லைடைச் செங்குத்தாக நிறுத்தும் சிறு குடுவையில் முழுக்குவது நல்லது. சொட்டின் விளிம்பு உலர்ந்து அங்கே நிறம் குவிவது இதனால் தவிர்க்கப்படும். எல்லா ஸ்லைடுகளையும் ஒன்றாக இறக்கி, நேரம் ஆக ஆக ஒவ்வொன்றாக எடுங்கள். குடுவையை இருளில் வையுங்கள்.

8. நிறுத்துதல், மூடுதல்

நேரம் முடிந்த நொடியில் குளிர்ந்த வடிநீரில் மூன்றுமுறை கழுவி, கிளிசரின் ஜெல்லி போன்ற நீர்சார்ந்த பசையால் கவர்ஸ்லிப்பை ஒட்டுங்கள். ஆல்கஹால், சைலீன் வழியாகப் போகாதீர்கள். பாதி ஒடுங்கிய செந்நிற ஃபார்மசான் அவற்றில் கரைந்து வெளியேறும். ஹீமாடாக்சிலினால் உட்கருவுக்கு நிறமேற்றுவதும் வேண்டாம். அழகாக இருக்கும், ஆனால் நாம் அளக்கும் அதே ஒளியை அதுவும் உறிஞ்சும்.

9. படமெடுத்தல்

கண்ணுக்கு இனிய படமும் அளவீட்டுக்குரிய படமும் வேறு வேறு. அளவீட்டுக்குத் தேவை, கேமராவின் ஒவ்வொரு எண்ணும் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பது. எனவே தானியங்கி ஒளியமைப்பு, காமா என்னும் ஒளிர்வுத் திருத்தம், கூர்மையாக்கல் ஆகிய அனைத்தையும் அணைத்து, 12 பிட் அல்லது அதற்கு மேற்பட்ட ஆழத்தில், சுருக்கப்படாத கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் கோப்பு இதற்கு உதவாது. விளக்கை ஏற்றி அரைமணி நேரம் நிலைபெற விடுங்கள். ஒளியைச் சீராகப் பரப்பும் கோலர் ஒளியமைப்பைச் சரிசெய்து, ஒளிவிழும் வட்டத்தைப் படத்தின் அளவுக்கு ஒட்டிக் குறுக்குங்கள். சுற்றிலும் சிதறும் ஒளி அடர்ந்த இழைகளின்மேல் கலந்து அவற்றை வெளிறச் செய்யும்.

ஒவ்வொரு ஸ்லைடுக்கும் மூன்று படங்கள்: சீவலின் படம், அதே ஸ்லைடில் திசு இல்லாத வெற்றிடத்தின் படம், ஒளியை முழுவதும் அடைத்து எடுத்த இருட்படம். முதலிரண்டிலிருந்தும் இருட்படத்தைக் கழித்து, சீவலை வெற்றிடத்தால் வகுத்தால் ஒளி ஊடுருவும் பங்கு கிடைக்கும். அதன் பத்தடிமான மடக்கையை எதிர்க்குறியாக்கினால் உறிஞ்சளவு.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இதில் வழுக்காதவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். மடக்கையை ஒவ்வொரு படப்புள்ளிக்கும் முதலில் எடுத்து, அதன் பிறகே இழை முழுவதற்கும் சராசரி காண வேண்டும். மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டே புள்ளிகள் போதும். ஒன்றில் ஊடுருவும் பங்கு 0.1, மற்றொன்றில் 0.9 என்று கொள்வோம். அவற்றின் உறிஞ்சளவுகள் 1.000, 0.046, சராசரி 0.523. ஆனால் ஒளியை முதலில் சராசரியாக்கினால் 0.5 வரும், அதன் உறிஞ்சளவு 0.301. நிறத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு கணக்கிலிருந்தே மறைந்துவிட்டது. மைட்டோகாண்டிரியா இழையின் விளிம்பில் திரள்வதால், தசையில் நிறம் ஒருபோதும் சீராகப் பரவி இருப்பதில்லை. ஒரு படப்புள்ளிக்குள்ளேயே இந்தச் சீரின்மை இருக்கும் என்பதால், மிகச் சிறிய உருப்பெருக்கத்தில் அளப்பதும் இதே பிழையை உள்ளே கொண்டுவரும். எண்ணியல் துளை (numerical aperture) உயர்ந்த 20 மடங்குப் பொருளருகு வில்லை (objective) நல்ல நடுவழி.

உறிஞ்சளவு 1 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளியே கேமராவை அடைகிறது. அதற்குமேல் சிதறொளியும் கேமராவின் இரைச்சலும் ஓங்கிவிடும். அளவு தெரிந்த நடுநிலை அடர்த்தி வடிகட்டிகள் நான்கைந்தை வைத்து அளந்து, உங்கள் கருவி எதுவரை நேர்கோட்டில் செல்கிறது என்பதை உறுதிசெய்யுங்கள். அந்த எல்லையைத் தாண்டும் இழைகள் இருந்தால் வினை நேரத்தைக் குறையுங்கள். விளக்கைக் கூட்டுவது தீர்வாகாது.

இழைகளைத் தேர்ந்தெடுக்கும்போது கண்ணுக்குப் பிடித்தவற்றை வட்டமிடாதீர்கள். கட்டக்கோடுகளைப் படத்தின்மேல் பரப்பி, கோடுகள் சந்திக்கும் இடத்தில் எது விழுகிறதோ அதையே எடுங்கள். பனித்துளையோ மடிப்போ உள்ள இழையை ஒதுக்கலாம். ஆனால் ஒதுக்கிய எண்ணிக்கையைக் குறித்துவையுங்கள்.

10. நிறத்திலிருந்து வேகத்துக்கு

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகச் செய்து காட்டுகிறேன். 10 மைக்ரோமீட்டர் சீவல்களில் ஓர் இழையின் உறிஞ்சளவு 2, 4, 6, 8 நிமிடங்களில் முறையே 0.09, 0.15, 0.21, 0.27 என்று கொள்வோம். இந்தக் கோட்டின் சாய்வு நிமிடத்துக்கு 0.030. சக்சினேட் இல்லாத சீவல்களில் அதே இழை 0.04, 0.05, 0.06, 0.07 என்று வந்தால், அதன் சாய்வு 0.005. நொதிக்கு உரியது இரண்டின் வேறுபாடாகிய 0.025. இரு கோடுகளும் சுழிய நிமிடத்தில் 0.03ல் சந்திப்பதைக் கவனியுங்கள்: அது வினையே தொடங்காதபோது திசுவுக்கு உள்ள சொந்த உறிஞ்சல். சாய்வைக் கணக்கிடும்போது அது தானாகவே விலகிவிடுகிறது. ஒரே நேரப்புள்ளியில் அளப்பவர்கள் அதையும் நொதியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

அடுத்து பீர் லாம்பர்ட் விதி. உறிஞ்சளவை, சாயத்தின் மோலார் உறிஞ்சல் கெழுவாலும் ஒளி கடக்கும் தூரத்தாலும் வகுத்தால் செறிவு கிடைக்கும். தூரம் இங்கே சீவலின் தடிமன், அதாவது 0.001 சென்டிமீட்டர். 570 நானோமீட்டரில் என்பிடி இருஃபார்மசானுக்கு (முழுமையாக ஒடுங்கிய என்பிடி) 26,478 என்ற கெழுவைத் தசை ஆய்வுகளில் பயன்படுத்துகிறார்கள். 0.025ஐ 26.478ஆல் வகுத்தால் லிட்டருக்கு 0.00094 மோல், அதாவது ஒரு லிட்டர் திசுவில் நிமிடத்துக்கு 0.94 மில்லிமோல் சாயம். ஒரு சக்சினேட் தருவது 2 எலக்ட்ரான், ஓர் என்பிடி முழுமையாக ஒடுங்கத் தேவை 4 எலக்ட்ரான். ஆகவே சாயத்தை இரண்டால் பெருக்கினால், ஒரு லிட்டர் திசுவில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.9 மில்லிமோல் சக்சினேட் ஃபியூமரேட்டாக மாறியிருக்கிறது.

இந்த இறுதி எண் எத்தனை கருதுகோள்களின்மேல் நிற்கிறது என்பதை மறக்கக் கூடாது. சாயம் முழுவதும் இருஃபார்மசானாக மாறியது, தடிமன் கருவி சொன்னதே, கெழு சீவலுக்குள்ளும் பொருந்துகிறது என்ற மூன்றையும் நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அதனால் இரண்டு குழுக்களை ஒப்பிடுவதே நோக்கமானால், நிமிடத்துக்கான உறிஞ்சளவு மாற்றத்தையே அப்படியே தருவது நேர்மையானது என்பது என் கருத்து. மில்லிமோல் கணக்கு, வேறு ஆய்வுகளின் எண்ணோடு ஒப்பிடும்போது மட்டும் போதும். எப்படித் தந்தாலும் அலைநீளம், கெழு, தடிமன், வெப்பநிலை, பிஎச், நேரப்புள்ளிகள், கட்டுப்பாட்டைக் கழித்த முறை ஆகியவற்றை எண்ணோடு சேர்த்து எழுதுங்கள்.

ஒவ்வொரு ஸ்லைடிலும் வைத்த ஒப்பீட்டுக் கட்டியின் சீவல் இப்போது பயன்படும். ஒவ்வொரு நாளும் அதன் சாய்வைத் தனித்தாளில் குறித்துவாருங்கள். மாதிரிகள் மாறினாலும் அது மாறக் கூடாது. ஒருமுறை எங்களிடம் ஒரு வாரத்து மாதிரிகள் அனைத்தும் திடீரெனக் குறைந்த வேகம் காட்டின. மருந்து கொடுத்த குழு அந்த வாரத்தில்தான் வந்திருந்தது. முடிவு எழுதுவதற்கு அனைவரும் ஆயத்தமாகிவிட்டோம். ஒப்பீட்டுக் கட்டியும் அதே அளவு குறைந்திருந்ததைப் பார்த்த பிறகே தேடினோம். பிஎச் மீட்டரின் மின்முனை கெட்டு, பஃபரின் பிஎச் வெகுவாகக் கீழே இறங்கியிருந்தது. ஒப்பீட்டுக் கட்டி அதன் வழக்கமான எல்லையை விட்டு விலகிய நாளின் ஸ்லைடுகளைத் திருத்திச் சேர்க்க முயலாமல், அவற்றை முழுவதும் விலக்கிவிட்டு, அதே தசைக் கட்டிகளிலிருந்து புதிய சீவல்களை வெட்டி மீண்டும் செய்யுங்கள்.